பப்படம் போல ஒரு மானிட்டர்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். அதன் பிறகு நான் அதிகம் எழுதியதெல்லாம் அட்டைப்பெட்டிகளின் மேல் மார்க்கர் பேனாவால் ‘கவனம்’, ‘இந்தப் பக்கம் மேல்’ என்ற சொற்கள்தான். ஆகவே எழுத்து பெரிதாகவும் ஒரு பக்கம் சாய்ந்தும் இருக்கும். சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்பதில் எனக்கு இன்றும் உறுதி கிடையாது. பிழை கண்ட இடத்தில் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ள வேண்டும்.

முதுகுவலி காரணமாக நான் வேலையை விட்டு நின்றபோது, புதியவர்களிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகச் சொன்னார் முதலாளி. மைக்கைக் கண்டதும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. “அப்போ எழுதியாவது தா” என்றார். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

என் முதுகைக் கெடுத்தவை குண்டு மானிட்டர்கள். நீங்கள் அவற்றைப் பழைய சாமான் கடையில்தான் பார்த்திருப்பீர்கள். முன்பக்கம் டிவி போல இருக்கும், பின்பக்கம் கோயில்காளையின் திமில் போல நீண்டிருக்கும். நாகர்கோவில் கடையில் சுமை இறக்கும் ஆளாகச் சேர்ந்து, தூக்கித் தூக்கி, பிறகு மாட்டவும் கழற்றவும் கற்றுக்கொண்டேன். எந்த வயர் எங்கே போகும் என்பதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எந்த மானிட்டரை யாருக்குக் கொடுப்பது என்பது மட்டும் எந்தக் காகிதத்திலும் இருக்காது. அதற்காகத் தக்கலையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2006 என்று நினைவு. தட்டை மானிட்டர் அப்போதுதான் எங்கள் கடைக்கு வர ஆரம்பித்திருந்தது. விலை கூடுதல். அதனால் அதைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருந்தோம், யாரும் தொடாமல் இருக்க.

தக்கலை பேருந்து நிலையத்துக்கு எதிரே ஞானதாஸ் என்று ஒருவர் போன் பூத் வைத்திருந்தார். சிறுவயதில் போலியோ வந்து இரண்டு காலும் சூம்பியவர். கக்கத்தில் இரண்டு கம்பு ஊன்றி நடப்பார். எல்லோர் கையிலும் கைபேசி வந்த பிறகு பூத்துக்கு ஆள் குறைந்தது. அவர் சளைக்காமல் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, விண்ணப்பம் அடிப்பது, பரீட்சை முடிவு பார்ப்பது, வளைகுடாவில் இருப்பவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கொடுப்பது என்று கடையைப் பிடித்து நிறுத்தினார்.

ஒருநாள் அவரிடமிருந்து போன் வந்தது. மானிட்டரில் தீயும் மணம் வருகிறதாம். நான் பஸ் ஏறிப் போனேன்.

போய்ப் பார்த்தால், ஓடிக்கொண்டிருக்கும் மானிட்டருக்கு உடுப்பு போட்டிருந்தது. எங்கள் பக்கத்துப் பெண்கள் லேஸ் பின்னுவதில் கெட்டிக்காரிகள் என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும், டிவியோ மிக்சியோ, அதற்கு ஒரு லேஸ் உறை பின்னிப் போட்டால்தான் அவர்களுக்கு மனம் ஆறும். ஞானதாஸின் தங்கை கிரேஸ் ஓட்டை வழியாகத் தூசி போகக்கூடாது என்று உள்ளே கெட்டித் துணியும் வைத்து, ரோஜாப்பூ போட்ட உறை ஒன்றைத் தைத்துக் கொடுத்திருந்தாள். காற்றுப் போக வைத்திருந்த துளைகள் அத்தனையும் ரோஜாப்பூவுக்குள்.

“உடுப்பு போட்டு வேல வாங்கினா அதுக்கு வேர்க்கத்தானே செய்யும்” என்றேன், உறையை உருவிக்கொண்டே.

“மேல ஆஸ்பெஸ்டாஸ், உள்ள ஃபேன் வைக்க இடமில்ல. எனக்கே இப்பிடி வேர்க்குது. அதுக்கு மட்டும் வேர்க்கப்படாதா?” என்று ஞானதாஸ் சிரித்தார்.

சட்டை முழுவதும் நனைந்திருந்தது அவருக்கு. பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது, நிரம்பி, மூடி திறக்காமல். “ஒரு மடக்கு குடிங்க” என்றேன். “இப்ப வேண்டாம்” என்றார்.

பின்னால் வயர் கருகியிருக்கிறதா பார்க்க வேண்டியிருந்தது. கொஞ்சம் வெளியே வரச் சொன்னேன். அவர் முகம் மாறியது. “மணியண்ணன் வரணும்” என்றார். மணியன் என்பவர் அடுத்த டீக்கடைக்காரர்.

அப்போதுதான் அந்த இடத்தைச் சரியாகப் பார்த்தேன். ஒரு ஆள் கையை விரித்தால் இரண்டு சுவரும் தொடும். மேசை இடது சுவரோடு ஒட்டியிருக்க வேண்டியது. ஆனால் மானிட்டரின் திமில் மேசையைத் தாண்டிப் பின்னால் நீண்டதால், மேசையை ஒரு முழம் முன்னே இழுத்துப் போட்டிருந்தார்கள். மிச்சமிருந்த இடத்தில் நாற்காலி சரியாக அடங்கும். கம்பு ஊன்றி ஒருவர் நுழைய வழி கிடையாது. காலையில் மணியன் வந்து மேசையைக் கடைக்கு வெளியே இழுத்து, ஞானதாஸை உள்ளே உட்காரவைத்து, மறுபடி மேசையைத் தள்ளிவிட்டுப் போவார். சாயங்காலம் வந்து திறந்துவிடுவார்.

மணியன் வந்து மேசையை இழுத்தார். ஞானதாஸ் எழுந்து கம்புகளை ஊன்றி, ரோட்டைக் கடந்து பேருந்து நிலையத்தின் பின்பக்கம் அத்தனை வேகமாகப் போனார். அங்கே என்ன இருக்கிறது என்று பஸ் ஏறுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

“ஒனக்குப் புண்ணியம் கிட்டும்” என்றார் மணியன் என்னிடம், குரலைத் தாழ்த்தி. “காலத்த உள்ள போனா வைகிட்டுதான் வெளிய வாறான். அதுக்குப் பயந்து தண்ணியே குடிக்கமாட்டான். ‘கூப்பிடு மக்கா, வந்து மாத்தித் தாறேன்’னு நான் எத்தன மட்டம் சொல்லியாச்சு. கூப்பிடமாட்டான். கூச்சம். நான் சொன்னேண்ணு ஆருட்டயும் சொல்லிராத, கேட்டியா.”

கூச்சத்தைப் பற்றி எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் இன்னொரு கரண்டி சோறு கேட்க வெட்கப்பட்டு, வீட்டுக்கு வந்து பழையது சாப்பிட்டவன் நான். சாப்பாட்டுக்கே இப்படி என்றால், இதற்கு அவர் யாரை, எத்தனை முறை கூப்பிடுவார்?

அவர் திரும்பி வந்ததும் தட்டை மானிட்டரைப் பற்றிச் சொன்னேன். சூடு குறைவு, இடம் குறைவு என்று மட்டும் சொன்னேன். அவர் கண் ஒரு நிமிடம் பளிச்சென்றது. பிறகு, “ஈஸ்டருக்கு அளியன் துபாய்லேருந்து வாறாரு. புது மானிட்டர் அவரு வாங்கித் தாறேண்ணு சொல்லியிருக்காரு. அவரு எடுக்கிறதுதான்” என்றார். அளியன் என்றது கிரேஸின் கணவர் வில்சனை.

ஈஸ்டர் கழிந்து வில்சனும் ஞானதாஸும் எங்கள் கடைக்கு வந்தார்கள். வில்சன் நல்ல மனிதர், நல்ல உடம்பு, நல்ல சத்தம். பலாப்பழம் பார்ப்பதுபோல ஒவ்வொரு மானிட்டரையும் விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த தட்டை மானிட்டர் முன்னால் நின்றார்.

“இது என்ன, பப்படம் போல இருக்கு? தொட்டா பொடிஞ்சிருமே.”

“அது புதுசு சார்” என்றேன்.

“புதுசு சரி. இதுக்குள்ள என்ன இருக்கும்? குடுத்த காசுக்குக் கொஞ்சமாவது கனம் வேண்டாமா?” என்றவர், மூலையில் இருந்த பத்தொன்பது இஞ்ச் குண்டு மானிட்டரைப் பார்த்துவிட்டார். அதைப் பார்க்காமல் யாரும் இருக்க முடியாது. “இதாக்கும் மானிட்டர். அளியா, எப்பிடி?”

ஞானதாஸ் தரையைப் பார்த்தார். “அளியன் பாத்து எடுத்தா சரிதான்.”

முதலாளிக்கு ஒரே சந்தோஷம். அந்தப் பத்தொன்பது இஞ்ச் நெடுநாளாகப் போகாமல் கிடந்த சரக்கு. பில் புத்தகத்தைத் திறந்துகொண்டே எனக்குக் கண்ணைக் காட்டினார். அதற்கு அர்த்தம், வாயை மூடு என்பது. நான் இயல்பிலேயே வாயை மூடியிருப்பவன். அது அவருக்கு வசதி.

தம்பிமாரே, அந்த இடத்தில் என் நிலையைப் பாருங்கள். அந்தப் பெட்டி உள்ளே போனால், இருக்கிற நாற்காலிக்கும் இடம் இருக்காது என்பது எனக்குத் தெரியும். காரணத்தைச் சொன்னால் வில்சன் உடனே ஒத்துக்கொள்வார். ஆனால் அந்தக் காரணம் என்னுடையது அல்ல. அதைச் சொல்ல வேண்டிய மனிதர் பக்கத்தில் நின்று தரையைப் பார்க்கிறார். கடல் தாண்டி உழைத்து ஒருவர் ஆசையாக வாங்கித் தரும் பொருளை ‘வேண்டாம், சின்னது போதும்’ என்று சொல்லும் வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. கொடுப்பவர் முகம் வாடிவிடும்.

“இடம் கொஞ்சம் நெருக்கமாக்கும் சார்” என்று மட்டும் சொன்னேன்.

“நெருக்கமானா என்ன? பெருசா ஒண்ணு வாங்கிக் குடுத்தாண்ணு நாலு பேரு சொல்லண்டாமா?”

அடுத்து நான் பேசியதுதான் அந்தக் கடையில் நான் அதுவரை பேசியதிலேயே நீளமான பேச்சு. “சார், பில் பொறவு போடலாம். முதல்ல கொண்டுபோய் அங்க வச்சுப் பாப்போம். நீங்களே உக்காந்து பாருங்க. ரெண்டையும் வண்டியில ஏத்துகேன். எது பிடிக்குதோ அத வச்சுக்கிடுங்க.”

முதலாளி பேனாவைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். வில்சனுக்கு யோசனை பிடித்துவிட்டது. அவ்வளவு பெரிய பெட்டியைத் தக்கலை வழியாகத் திறந்த வண்டியில் கொண்டுபோவதில் அவருக்கு ஆசை இருந்தது.

தக்கலையில் பத்தொன்பது இஞ்சை இறக்கியபோது டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்தார்கள். மேசையை இன்னும் முன்னே இழுக்க வேண்டியிருந்தது. நாற்காலியில் வில்சன் போய் உட்கார்ந்தார். நான் மேசையைத் தள்ளினேன். அவருடைய வயிற்றில் மேசை விளிம்பு அமர்ந்தது. மானிட்டரைப் போட்டதும் வெளிச்சம் பளீரென்று அடித்தது.

“கொள்ளாம், நல்லாருக்கு” என்றார் வில்சன், கையை மேலே தூக்கி வைத்துக்கொண்டு. கீழே வைக்க இடமில்லை.

அதற்குள் ஒரு போலீஸ்காரர் எங்கள் வண்டியை விரட்டினார். டிரைவரோடு நானும் போய், வண்டியைத் தள்ளி நிறுத்த இடம் தேடி அலைந்து, தட்டை மானிட்டர் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்து வந்தேன். வர நேரமாகிவிட்டது. அந்த நேரத்தில் மணியன், துபாய்க்காரர் வந்திருக்கிறார் என்று நன்னாரி சர்பத் கொடுத்திருக்கிறார். உள்ளே வெக்கை தாங்காமல் வில்சன் இன்னொன்றும் வாங்கிக் குடித்திருக்கிறார். அதற்கு மேல் ஒரு சோடா.

நான் வரும்போது பூத்துக்கு முன்னால் கூட்டம். வில்சனின் முகம் சிவந்து வடிந்துகொண்டிருந்தது.

“ஏலே, எங்க போனே? இந்த மேசைய மாத்து. எனக்கு அவசரமாட்டுப் போணும்.”

“மணியண்ணன் இழுத்திருக்கலாமே” என்றேன்.

“நானா?” என்றார் மணியன். “அவ்வளவு பெரிய சாதனத்தோட நான் ஒத்தைக்கு இழுத்து, அது கீழ விழுந்தா? துபாய் காசுல்லா. பொறவு இவரு என்னக் கொன்னுபோடுவாரு.”

“விழுந்தா விழட்டும், இழும் வே” என்றார் வில்சன்.

கூட்டம் சிரித்தது. டீக்கடை பெஞ்சில் கம்புகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஞானதாஸும் சிரித்தார். அவர் அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானாகவே சொன்னார்:

“அளியா, நீரு அரை மணிக்கூறு இருந்ததுக்கே இந்தப் பாடா? நான் ரெண்டு வருசமாட்டு இருக்கேன்.”

சிரிப்பு அப்படியே நின்றது. நான் மேசையை இழுத்தேன். வில்சன் வெளியே வந்து, முதலில் போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டு வந்தார். வந்து பெஞ்சில் ஞானதாஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“என்னட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா அளியா? நான் போன் போடும்போதெல்லாம் சொகந்தாண்ணுதானே சொன்னே?”

“நிமிசத்துக்கு நிமிசம் காசு ஏறுற போனு அது. நீரு துபாய்லேருந்து கேக்கும்போ, எனக்கு ஒண்ணுக்கு வருதுண்ணா சொல்லமுடியும்?”

முதலில் வில்சன்தான் சிரித்தார். பிறகு எல்லோரும். அப்புறம் அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். வேர்வை மட்டும்தானா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று பட்டது.

“தம்பி, அந்தப் பப்படத்த எடுத்து வையும்” என்றார்.

வைத்தேன். மேசையைத் தூக்கி இடது சுவரோடு அணைத்துப் போட்டேன். தட்டை மானிட்டர் சுவரில் மாட்டிய படம்போல அடக்கமாக நின்றது. வலது பக்கம் நல்ல வழி விழுந்தது. ஞானதாஸ் கம்பை ஊன்றி உள்ளே போனார், திரும்பினார், உட்கார்ந்தார். உடனே எழுந்து வெளியே வந்தார். மறுபடி உள்ளே போனார். மணியன், “எடே, உள்ளயா வெளியயா, ஒண்ணத் தீர்மானி. ஒனக்கு டீ எங்க கொண்டு வைக்க?” என்றார்.

மானிட்டரின் பின்பக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்த்த வில்சன், “சூடே இல்ல” என்றார், ஏதோ அதை அவரே செய்தது போல. நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு அதை வாங்கிக் கொடுத்தவர் அவர். ஊரில் நாலு பேர் சொன்னதும் அவர் பெயரைத்தான்.

பத்தொன்பது இஞ்சை நான் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன். முதலாளி கோபத்தில் சில நாள் என்னிடம் பேசவில்லை. நானும் வழக்கமாகவே பேசாதவன் என்பதால் அது கடையில் யாருக்கும் தெரியவில்லை. பிறகு விசாலமான அறை உள்ள ஒரு டியூஷன் சென்டருக்கு அந்தப் பத்தொன்பது இஞ்ச் போயிற்று. அங்கே அது நன்றாகவே உழைத்தது. ஆகவே குண்டு மானிட்டரைக் குறை சொல்லி எழுதுகிறேன் என்று எண்ண வேண்டாம். கிரேஸ் புதியதற்கும் ஒரு உறை பின்னினாள். அணைத்த பிறகுதான் போட வேண்டும் என்று அவளே ஞானதாஸிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாளாம்.

நீங்கள் இன்று விற்பதெல்லாம் தட்டைதான். இந்தக் கதை எதற்கு என்று தோன்றும். யு.பி.எஸ்., பிரிண்டர், எதைக் கொண்டுபோனாலும் ஒரு இடம் அடைபடத்தான் செய்யும். அங்கே உட்காருகிறவர் எப்படி எழுந்து வெளியே போவார் என்று பாருங்கள். வாங்குகிறவர் ஒருவராகவும் உட்காருகிறவர் வேறொருவராகவும் இருந்தால், வாங்குகிறவரை அந்த நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்காரவையுங்கள். சர்பத் கொடுக்க நான் திட்டம் போடவில்லை. அது மணியன் செய்த உபகாரம். ஆனால் உட்காரச் சொன்னது நான்தான். ஒருவருடைய சங்கடம் உங்கள் காதுக்கு வந்தால், அதைச் சபையில் போட்டு வியாபாரத்தை முடிக்காதீர்கள். அவரே சொல்ல ஒரு இடம் கிடைக்கும்வரை அந்தப் பெட்டியைச் சுமந்துகொண்டு நில்லுங்கள். முதுகு வலிக்கும். பரவாயில்லை.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒருநாள், கீபோர்டு மாற்றிக் கொடுக்க அங்கே போனேன். பூத் திறந்து கிடந்தது. மானிட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியில் ஆள் இல்லை. விண்ணப்பம் அடிக்க வந்த இரண்டு பெண்கள் வாசலில் முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள். “எப்ப வந்தாலும் இந்த மனுசன் இப்ப கடையில நிக்கதே இல்ல” என்றாள் ஒருத்தி. டீக்கடையிலும் இல்லை. மணியனைக் கேட்டேன். “ஆருக்குத் தெரியும்? என்னட்ட சொல்லிட்டா போறான்?” என்றார் அவர், பாத்திரம் கழுவிக்கொண்டே.

கையில் கீபோர்டோடு நான் நின்றேன். இரண்டு பஸ் விட்டுவிட்டேன். மழை பிடித்து, விட்டது. அப்புறம் மேட்டுக்கடைப் பக்கமிருந்து, ஈர ரோட்டில் கம்பைப் பார்த்துப் பார்த்து ஊன்றி, யாரோடோ பேசிச் சிரித்தபடி ஞானதாஸ் வந்தார்.

“அண்ணே, ரொம்ப நேரமாட்டு நிக்கியளா?”

“இல்ல” என்றேன். “இப்பதான் வந்தேன்.”

2018 ஆகஸ்ட் 12, ஞாயிற்றுக்கிழமை.